கினிப்பன்றியின் முடி உதிர்வுக்குச் சூடு காரணமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து எங்கள் சத்துவாச்சாரிப் பகுதியில் பல வீடுகளுக்குக் கினிப்பன்றிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. குரைக்காது, கடிக்காது, குறைந்த இடமே போதும் என்பதால் நாய் வளர்க்க முடியாத வாடகை வீடுகளில் பிள்ளைகளின் பிடிவாதத்துக்குப் பெற்றோர் இந்தச் சிறு விலங்கை வாங்கித் தந்து சமாதானம் செய்கிறார்கள். நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேத்திக்காக ஆறு ஆண்டுகளாகக் கினிப்பன்றி வளர்த்து வருகிறேன். அதை அறிந்த அக்கம்பக்கத்தார், வாங்கிய ஓரிரு மாதத்திலேயே அட்டைப்பெட்டியில் அந்த விலங்கை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், முடி கொட்டுது. உடம்புச் சூடுன்னு கடையில சொன்னாங்க. வேப்பெண்ணெய் தடவினோம், கேக்கலை."

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இக்கடிதம். வேலூரை 'வெயிலூர்' என்று நாமே அழைத்துக்கொள்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெக்கையில் வாழும் நமக்கு, எந்த நோவுக்கும் சூட்டைக் காரணமாகச் சொன்னால் உடனே நம்பத் தோன்றுகிறது. ஆனால் கினிப்பன்றியின் முடி உதிர்வு என்பது ஒரு நோயின் பெயரன்று. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஏழெட்டுக் கோளாறுகளுக்குப் பொதுவான வெளி அடையாளம். அவற்றுள் ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து மற்றொன்றுக்குப் பயனற்றது. சில வேளைகளில் தவறான மருந்தே உயிரைக் குடித்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு விலங்கைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

முதன்முதலில் நாங்கள் வாங்கியவை இரண்டு பெண் குட்டிகள். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளையும் கறுப்பும் கலந்தது. மூன்றாவது வாரத்தில் பழுப்புக் குட்டி ஓயாமல் சொறியத் தொடங்கியது. தோளிலும் முதுகிலும் முடி கழன்று, தோல் தடித்து, மஞ்சள் பொருக்குத் தட்டியது. விற்ற கடையில் கேட்டபோது சூடு என்றார்கள். நான்கு நாள் வேப்பெண்ணெய் தடவினோம். ஓர் இரவு அது சொறிந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால்களை உதறி, வலிப்பு வந்ததுபோல் துடித்தது. மறுநாள் ஒரு தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாய்க்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்துப் பழகிய அவர், புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது என்று கருதிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைச் சில சொட்டுகள் வாயில் விடச் சொன்னார். இரண்டாம் நாள் அது புல்லைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வயிறு உப்பிக் கழிச்சல் கண்டது. நான்காம் நாள் விடியற்காலையில் பேத்திதான் முதலில் பார்த்தாள்.

அந்த மருத்துவரைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. மருந்தை எடுத்துச் சென்று கொடுத்த கை என்னுடையது. நாற்பது நாள் கழித்து, எஞ்சியிருந்த குட்டிக்கும் அதே அரிப்புத் தொடங்கியபோது, சிறு விலங்குகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரைச் சென்னையில் கண்டுபிடித்துச் சென்றோம். அவர் மழுங்கிய கத்தியால் தோலை இலேசாகச் சுரண்டி, அந்தச் செதிலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் கால்களுடன் உருண்டையான ஒரு சிற்றுயிர் அதில் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரிக்ஸாகேரஸ் கேவியே என்பது அதன் பெயர். மனிதருக்குச் சொறி சிரங்கை உண்டாக்கும் பூச்சியின் உறவான இது, கினிப்பன்றியின் தோலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. அதனால் உண்டாகும் அரிப்பு எவ்வளவு கொடியதென்றால், விலங்கு வலிப்பு வந்ததுபோல் சுருண்டு விழும். நாங்கள் அன்றிரவு கண்டது அதுதான். வாயில் விட்ட அமாக்ஸிசிலினைப் பற்றிச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார்.

கினிப்பன்றியின் குடல், புல்லை நொதிக்க வைத்துச் செரிக்கும் குடல். அங்கே வாழும் நல்ல நுண்ணுயிர்களே அதற்குச் சமையற்காரர்கள். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிந்துபோக, கிளாஸ்ட்ரிடியம் வகை நச்சுக் கிருமிகள் பெருகிக் குடலையே நஞ்சாக்கிவிடுகின்றன. நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலென்றால் கண்ணை மூடிக்கொண்டு தரப்படும் மருந்து, இந்த விலங்குக்கு எமன். சீழுக்கு மருந்து தேவையானால் என்ரோஃப்ளாக்ஸாசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா போன்ற வேறு மருந்துகளை, எடைக்கேற்ற அளவில், கால்நடை மருத்துவர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குவது கூடவே கூடாது. இந்தக் கடிதத்தில் வாசகர்கள் ஒரே ஒரு பத்தியை வெட்டி வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

சொறிப்பூச்சிக்கு ஐவர்மெக்டின் என்னும் மருந்து நன்றாக வேலை செய்கிறது. எஞ்சிய குட்டி அதனால்தான் பிழைத்தது. ஆனால் இங்கேயும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்வரும் நம் பகுதி விவசாயிகளுக்கு ஐவர்மெக்டின் பழகிய மருந்து. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஊசி மருந்துப் புட்டி பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் புட்டியில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து உள்ளது. கினிப்பன்றிக்குத் தேவைப்படுவதோ ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம். 800 கிராம் எடையுள்ள விலங்குக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மில்லியில் நூற்றில் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு பங்கு, அதாவது ஒரு சொட்டைவிடக் குறைவு. கண்ணளவில் அரை மில்லி ஏற்றினால் பத்து மடங்குக்கும் மேல் போய்விடும். இதனால்தான் மருத்துவர் முதலில் எடை போட்டு, மருந்தைக் கலந்து நீர்க்கச் செய்து, இன்சுலின் போடும் சிறு ஊசியால் அளந்து கொடுத்தார். மருந்து பூச்சியைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. ஆகவே பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை கொடுக்க நேர்ந்தது. ஒரே கூண்டில் வாழும் எல்லாவற்றுக்கும், அரிப்பு இல்லாதவற்றுக்கும்கூட, மருந்து தரவேண்டும். படுக்கையாகப் போட்ட துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து, மரப்பெட்டியானால் அதையே மாற்றிவிடுவது நல்லது. கூண்டைச் சுத்தம் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, மீண்டும் வந்துவிட்டது என்று அங்கலாய்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முடியிலேயே தங்கி வாழும் வேறு பூச்சியும் உண்டு, பேனும் உண்டு. பேன் கண்ணுக்குத் தெரியும். முடியைப் பிரித்துப் பார்த்தால் வெளிர் நிறத்தில் நகரும். கினிப்பன்றியின் பேன் மனிதத் தலையில் ஏறி வாழாது, அதற்காகப் பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை. நாய்க்கென்று விற்கும் பேன் பொடியையும் தெளிப்பானையும் மட்டும் அதன்மேல் பயன்படுத்தாதீர்கள். நாய்க்குத் தீங்கில்லாத ஃபிப்ரோனில் போன்ற மருந்து இந்தச் சிறிய உடம்புக்கு உகந்ததன்று.

பிள்ளைகளை விலக்கி வைக்கவேண்டிய நோய் ஒன்று உண்டு. அது படர்தாமரை. மூக்கைச் சுற்றி, கண்ணிமையில், காதோரத்தில் வட்ட வட்டமாக முடி போய்ச் செதில் உதிர்ந்தால், அரிப்பு அவ்வளவாக இல்லாவிட்டாலும், பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடே ஈரமாகக் கிடக்கும் நாட்களில் இது தலைகாட்டக் கண்டிருக்கிறேன். கடையில் பத்துப் பதினைந்தை ஒரே கூண்டில் அடைத்து வைத்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றவற்றுக்கு எளிதில் பரவுகிறது. வெளியே எந்த அடையாளமும் காட்டாமலே பூஞ்சையைச் சுமக்கும் விலங்குகளும் உண்டு. மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தையின் கையிலும் கழுத்திலும் அது தொற்றும். எங்கள் தெருவில் ஒரு சிறுவனுக்கு முழங்கை மடிப்பில் வட்டப் புண் வந்தபோது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினார்கள். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சில நாள் அரிப்பு அடங்கியதுபோல் காட்டி, பின்பு முன்னைவிட அகலமாகப் படர்ந்தது. தோல் மருத்துவரிடம் போனபோது, வீட்டில் கினிப்பன்றி இருப்பதை அவர்கள் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. பையன் குணமானான், விலங்குக்கு மருந்து தரப்படாததால் மறுபடியும் அவனுக்கு வந்தது. வீட்டில் விலங்கு இருந்தால் மனித மருத்துவரிடம் அதைக் கூறுங்கள். இரு தரப்புக்கும் ஒரே காலத்தில் மருந்து தந்தால்தான் இந்தச் சுற்று அறுபடும்.

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, ஆனால் முடி பொலிவிழந்து சிலிர்த்து உதிர்கிறது என்றால், நான் முதலில் கேட்பது என்ன தீனி போடுகிறீர்கள் என்பதே. இந்த இடத்தில் ஆசிரியைக்குரிய பழக்கத்தால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். பெரும்பாலான விலங்குகள் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதரால் அது முடியாது, கினிப்பன்றியாலும் முடியாது. அதற்கு வேண்டிய நொதி ஒன்று நம்மிடமும் அதனிடமும் இல்லை. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர், தானியத்தை மட்டும் தின்ன வைத்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோய் வந்ததைக் கண்டறிந்தார்கள். கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஒரு நோயைச் சோதனைச்சாலையில் ஆராய வழி பிறந்தது அப்போதுதான். வைட்டமின் சி என்ன பொருள் என்று பின்னாளில் உறுதி செய்யப்பட்டதிலும் இந்த விலங்கின் பங்கு உண்டு. மனித குலத்துக்கு அந்த அறிவைத் தந்த விலங்கு, நம் வீட்டுக் கூண்டில் அதே ஸ்கர்வியால் வாடுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அறிகுறிகளைச் சொல்கிறேன். முடி முரடாகும், தோல் செதிலாகும், சிறு புண்ணும் ஆற மறுக்கும். மூட்டு வீங்கி வலிப்பதால் நடக்காமல் ஒரே மூலையில் கிடக்கும், தூக்கினால் கீச்சென்று அலறும். ஈறில் இரத்தம் கசியும். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். சினையாக இருப்பதற்கும் நோயுற்றதற்கும் கூடுதலாக வேண்டும். இதற்குச் சீமையிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்கும் கொய்யாவில் ஒரு மெல்லிய கீற்று, ஒரு துண்டு குடைமிளகாய், நெல்லிக்காயில் நகக்கண் அளவு, ஒரு பிடி கொத்தமல்லித் தழை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தாலே போதுமானது. பழத்தில் இனிப்பு இருப்பதால் அளவு மீறக் கூடாது. முருங்கைக்கீரை சத்துள்ளதுதான், ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நாள்தோறும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரக்கூடும். முயலுக்கென்று விற்கும் குச்சித் தீனியில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. அதையே மாதக் கணக்கில் போட்டு, பச்சைத் தழையே காட்டாமல் வளர்ப்பவர்களின் விலங்குக்குத்தான் இந்தக் குறை வருகிறது. தண்ணீர்ப் புட்டியில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தும் நம் ஊருக்கு ஒத்துவராது. வெளிச்சத்திலும் வெக்கையிலும் அந்தச் சத்து சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும்; சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையே விலங்கு குறைத்துக்கொள்ளும்.

தீனியோடு ஒட்டியது புல். கினிப்பன்றிக்குச் சோறு என்றால் அது புல்தான், மற்றவை எல்லாம் தொட்டுக்கொள்வதற்கு. இரவும் பகலும் கொறிக்கப் புல் இல்லையென்றால் அது தன் முடியையும் கூட்டாளியின் முடியையும் கொறிக்கத் தொடங்குகிறது. இதை அடையாளம் காண்பது எளிது: தோல் சுத்தமாக இருக்கும், புண்ணோ செதிலோ இராது, முடி கத்தரித்ததுபோல் குட்டையாக நிற்கும். தன் முடியைத் தானே கடிப்பதானால் தலையும் கழுத்தும் மட்டும் தப்பியிருக்கும், ஏனென்றால் அங்கே அதன் பல் எட்டாது. கூட்டத்தில் அடங்கிப் போகும் விலங்கின் முடியை அதிகாரம் செலுத்தும் விலங்கு கடிப்பதும் உண்டு. இதற்கு மருந்தே கிடையாது. புல்லும் இடமும் ஒளிந்துகொள்ள மூலையும்தான். வெளிநாட்டுத் திமோத்தி வைக்கோல் என்று அதிக விலைக்கு விற்கிறார்கள், வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். பிள்ளையாருக்குச் சாத்த நாம் வாங்கும் அருகம்புல்லே கினிப்பன்றிக்கு நல்ல உணவு. ஜலகண்டேசுவரர் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் நான் கட்டாக வாங்கி வந்து, நன்றாக அலசி, பாதியைப் பச்சையாகவும் பாதியை நிழலில் உலர்த்தியும் கொடுக்கிறேன். சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடித்த வரப்பிலும் அறுத்த புல் வேண்டாம். மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் கம்பு நேப்பியர் தழையும் கிடைக்கும். நெல் வைக்கோலில் சத்தில்லை, படுக்கையாகப் போடலாம்.

இரண்டு வயதைக் கடந்த பெண் கினிப்பன்றிக்கு விலா இரண்டிலும் ஒரே அளவாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் முடி உதிர்ந்து, தோல் வழவழவென்று இருந்தால், அது தோல் நோயே அன்று. சினைப்பையில் நீர்க்கட்டி வளர்வதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். வயிறு பருத்து, முலைக்காம்பு தடித்திருப்பதும் சேர்ந்து காணப்படும். ஸ்கேன் எடுத்தால் தெரியும்; அறுவை சிகிச்சையோ ஹார்மோன் ஊசியோ தேவைப்படும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு ஓராண்டாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் குடியாத்தத்திலிருந்து என்னைத் தேடி வந்தது. அந்த ஓராண்டில் கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. சினை முற்றிய பெண்ணுக்கும் விலாவில் முடி மெலியும், ஈன்ற பின் தானாக வளர்ந்துவிடும். காதுக்குப் பின்னால் பிறவியிலேயே இருக்கும் சிறு வழுக்கையைக் கண்டு பயந்து வருகிறவர்களும் உண்டு. அது எல்லாக் கினிப்பன்றிக்கும் உள்ளது, நோயன்று.

சூட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெக்கையால் முடி கொட்டுவதில்லை, ஆனால் வெக்கை கினிப்பன்றியைக் கொல்லும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த குளிர்ப்பிரதேச விலங்கு இது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கூண்டை வைத்தால் சித்திரை மதியம் ஒன்றே போதும். கீழ்த்தளத்தில், காற்றோட்டமான அறையில், ஈரத்துணி சுற்றிய மண்பானையின் அருகே வையுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் படுக்கையோரம் போட்டால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். குளிப்பாட்டினால் சூடு தணியும் என்று தினம் தண்ணீர் ஊற்றுவது தோலைக் கெடுத்துச் சளியையும் வரவழைக்கும். எண்ணெய் பூசிய முடி காற்றுப் புகாமல் ஒட்டிக்கொண்டு வெக்கையைக் கூட்டும். விலங்கு அதை நக்கித் தின்றும் விடும். கம்பிவலைத் தரையுள்ள கூண்டு வேண்டாம். அதில் நின்று நின்று உள்ளங்கால் சிவந்து, வெடித்து, சீழ் பிடித்து எலும்புவரை போய்விடுகிறது. முடி உதிர்வைவிட அது ஆற நாளாகும். மூத்திரத்தில் நனைந்த படுக்கையை அன்றாடம் மாற்றாவிட்டால் அடிவயிற்றுத் தோல் வெந்துபோகும், அதையும் சூட்டுக் கொப்புளம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, பொறுப்பில் உள்ளவர்களிடம் எனக்குக் கேட்க இரண்டு உண்டு.

2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளில், செல்லப்பிராணி என்பதன் விளக்கத்திலேயே நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றை விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். நம் மாவட்டத்தில் இவ்விலங்கை விற்கும் ஒவ்வொரு கடையும் பதிவு பெற்றதா என்று உரியவர்கள் நேரில் சென்று பார்க்கட்டும். பதிவுச் சான்றோடு நின்றுவிடாமல், விற்கும்போதே வயதும் ஆணா பெண்ணா என்பதும் எழுதிய சீட்டும், தீனியும் ஆபத்தான மருந்துகளும் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றும் தரும்படி கடைகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இரண்டும் பெண் என்று நம்பி வாங்கிய ஜோடி மூன்றாம் மாதத்தில் குட்டி போட்ட வீடுகள் எத்தனையோ. சினைக்காலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாள். ஏழு மாத வயதுக்கு மேல் முதன்முதலாகச் சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரிந்து கொடுக்காமல் பிரசவத்திலேயே உயிர் போகக்கூடும். ஆண் பெண் பிரித்தறியத் தெரியாமல் விற்பது அவ்வளவு பெரிய பிழை.

மற்றொன்று மருத்துவம். பழைய வட ஆற்காடு மாவட்டம் கால்நடை மருத்துவத்துக்குப் புதியதன்று. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலிருந்து தமிழகம் முழுமைக்கும் தடுப்பூசி போகிறது. அப்படிப்பட்ட மண்ணில், ஒரு கினிப்பன்றியின் தோலைச் சுரண்டிப் பார்ப்பதற்காக அதைப் பெட்டியில் வைத்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சென்னைக்குப் பேருந்தில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது; அந்தப் பயணமே நோயுற்ற விலங்குக்குப் பாதி உயிரை எடுத்துவிடும். புதிய கருவி எதுவும் தேவையில்லை. நுண்ணோக்கி கால்நடை மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருப்பதுதான். வாரத்தில் ஒரு நாள், அது காலை இரண்டு மணி நேரமாக இருந்தாலும், முயல், கினிப்பன்றி, பறவைகளுக்கென்று வேலூரில் ஒதுக்கி, சிறு விலங்கு மருத்துவத்தில் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தினால், ஆம்பூர், ஆற்காடு, குடியாத்தம், காட்பாடி மக்கள் அனைவருக்கும் உதவும். அரசு கால்நடை மருத்துவர்களுக்கு மாடும் ஆடும் முதன்மை என்பதை நான் அறிவேன். ஏழையின் வாழ்வு அவற்றைச் சார்ந்திருக்கிறது. இருப்பினும் படர்தாமரை போன்ற நோய் குழந்தைகளுக்குத் தொற்றும் என்பதால் இது பொதுச் சுகாதாரத்தையும் சேர்ந்த செய்தி என்று பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன்.

அதுவரை வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று. என் பேத்தி ஞாயிறுதோறும் காலையில் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் விலங்கை உட்காரவைத்து எடை பார்த்து நோட்டில் எழுதுகிறாள். அப்படியே முடியைப் பின்னிருந்து முன்னாகத் தள்ளித் தோலைப் பார்ப்பாள், காதுக்குள் பார்ப்பாள், நான்கு பாதங்களையும் புரட்டிப் பார்ப்பாள். ஐந்து நிமிட வேலை. முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை குறையத் தொடங்கும். ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் நாங்கள் காத்திருப்பதில்லை, மருத்துவரை அழைத்துவிடுகிறோம். அந்த நோட்டையும் உதிர்ந்த முடி, செதில் கொஞ்சத்தை ஒரு காகித உறையில் மடித்தும் உடன் எடுத்துச் சென்றால், கினிப்பன்றியை அதிகம் பார்த்திராத மருத்துவருக்கும் நோயைக் கண்டறிய அது கைகொடுக்கும். தோலைச் சுரண்டிப் பார்க்க முடியுமா என்று தயங்காமல் அவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.